இராணுவம் ஆண்டால் நாடு நேராகுமா? மியான்மார் சொல்லும் பதில்



கொல்லிமலை எடப்புளி நாட்டில் நோயுற்றிருந்த ஒருவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு பெரியவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்காரச் சொன்னார். வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பேரனின் சாதிச் சான்றிதழுக்காகக் கீழே உள்ள ஓர் அலுவலகத்துக்கு ஏழு முறை போய் வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் 70 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, மாலையில் மறுபடி ஏற வேண்டும். ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் போனதுதான் மிச்சம். சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் இப்படி முடித்தார்:

“மிலிட்டரிகாரங்ககிட்ட நாட்டை ஒரு அஞ்சு வருசம் குடுத்துப் பாக்கணும் சாமி. அப்பத்தான் எல்லாம் நேராகும். எமர்ஜென்சியில பாத்தோமில்ல, ரேசன் கடைக்காரன் தராசுல கை வைக்கவே பயந்தான்.”

இதை அவர் மட்டும் சொல்லவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நின்று பேசும்போதும் கேட்கிறோம்; பேருந்திலும் கேட்கிறோம்; நன்கு படித்து நல்ல வேலையில் இருப்பவர்களும் சொல்கிறார்கள். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். அலைந்து சலித்தவர்கள். ஆகவே ‘அது தவறு’ என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு எழுந்துவிட எனக்கு மனம் வரவில்லை. “ஐயா, அப்படிக் கொடுத்துப் பார்த்த ஒரு நாடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே” என்றேன். பர்மா என்றதும் அவருக்கு நினைவுக்கு வந்தது சென்னையில் உள்ள பர்மா பஜார்தான். அங்கிருந்தே பேச்சைத் தொடங்கினோம். அன்று அவரிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கொடுத்த முதல் பதினெட்டு மாதங்கள்

1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1948 ஜனவரி 4 அன்று விடுதலை பெற்றது. விடுதலைக்கு முந்தைய ஆண்டு, 1947 பிப்ரவரி 12 அன்று, ஆங் சான் என்ற தலைவர் ஷான், கச்சின், சின் மலைவாழ் மக்களின் தலைவர்களோடு பாங்லோங் என்ற ஊரில் ஓர் உடன்பாடு செய்தார். மலைப்பகுதிகளின் உள் நிர்வாகத்தில் அந்தந்த மக்களுக்கே உரிமை உண்டு என்பது அதன் சாரம். ஆனால் அதே ஆண்டு ஜூலை 19 அன்று ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்குறுதி தந்தவர் போய்விட்டார். வாக்குறுதி காகிதத்தில் நின்றுவிட்டது.

முதல் பிரதமர் ஊ நூ நல்லவர் என்றே பலரும் சொல்வர். ஆயினும் அவரது ஆளுங்கட்சி 1958இல் இரண்டாக உடைந்தது. நாடெங்கும் கிளர்ச்சிகள், கட்சிக்குள் சண்டை, தலைநகர் ரங்கூனில் குப்பையும் குடிசையும் பெருகிக் கிடந்தன. “கொஞ்ச காலத்துக்கு நீங்கள் பாருங்கள்” என்று ஊ நூவே தளபதி நே வின்னிடம் ஆட்சியை ஒப்படைத்தார். நம் பெரியவர் கேட்டது அங்கே அப்படியே நடந்தது.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: அந்தப் பதினெட்டு மாதங்கள் பலருக்கும் பிடித்திருந்தன. தெருக்கள் சுத்தமாயின. நகரின் நடுவே குடிசை போட்டிருந்தவர்கள் புறநகர்க் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர் (அவர்களைக் கேட்டு மாற்றவில்லை என்பது வேறு விஷயம்). விலைவாசி ஓரளவு கட்டுக்குள் வந்தது. 1960இல் தேர்தலும் நடத்தி, வென்ற ஊ நூவிடமே ஆட்சியைத் திருப்பித் தந்தார்கள். இத்தனைக்கும் அந்தத் தேர்தலில் இராணுவத்தின் மனதுக்கு உகந்த அணி தோற்றிருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் பெரியவர் சொன்னதுதான் சரி என்று நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தப் பதினெட்டு மாதங்களில் இராணுவ அதிகாரிகள் ஒன்றைத் தெரிந்துகொண்டார்கள். நாட்டை நடத்தத் தங்களாலும் முடியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதே அது. ஊ நூவும் தவறு செய்தார். 1961இல் புத்த சமயத்தை அரசு சமயமாக அறிவித்தார். கிறிஸ்தவர்கள் மிகுந்த கச்சின் மலைப்பகுதியில் ஏற்கெனவே மூண்டிருந்த கிளர்ச்சிக்கு அது எண்ணெய் வார்த்தது. மலைவாழ் தலைவர்கள் பாங்லோங் வாக்குறுதியை நினைவூட்டி, கூட்டாட்சி கேட்டு ரங்கூனில் கூடிப் பேசிக்கொண்டிருந்தனர். “நாடு சிதறப் போகிறது” என்று சொல்லி 1962 மார்ச் 2 அன்று நே வின் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தார். இம்முறை யாரும் ஒப்படைக்கவில்லை. அவரும் திருப்பித் தரவில்லை.

அதே ஆண்டு ஜூலை 7 அன்று ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

நம்மவர்களுக்கு நேர்ந்தது

பர்மாவில் அப்போது தமிழர்கள் இலட்சக்கணக்கில் இருந்தனர். செட்டியார்கள் மட்டுமல்லர், வயலில் உழைத்தவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், சிறு கடை வைத்திருந்தவர்கள். அவர்களுள் கத்தோலிக்கக் குடும்பங்களும் இருந்தன. இன்றும் யாங்கோனில் இருக்கின்றன. 1963 முதல் கடைகளும் ஆலைகளும் அரசுடைமை ஆக்கப்பட்டன. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஏறக்குறைய 3 இலட்சம் இந்தியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். நகையைக்கூட எடுத்துவர விடவில்லை என்று, வந்து இறங்கியவர்கள் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்கள். பர்மா பஜாரும், பல ஊர்களில் உள்ள பர்மா காலனிகளும் அப்படி வந்தவை. நம்மில் பலர் நகைக்கடன் வாங்கும் ரெப்கோ வங்கிகூட, பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக 1969இல் தொடங்கப்பட்டதுதான்.

திருச்சபையையும் விட்டுவைக்கவில்லை. 1965இல் நம் பள்ளிகள் பறிக்கப்பட்டன. விடுதலைக்குப் பிறகு அங்கு வந்த வெளிநாட்டு மறைப்பணியாளர்கள் 1966இல் வெளியேற்றப்பட்டனர். மலையூர்களில் உபதேசியார்களே விசுவாசத்தைக் காத்தார்கள்.

1987 செப்டம்பரில் மறுபடியும் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். இம்முறை மாற்றித் தரவும் இல்லை. பிறகு 45, 90 கியாட் நோட்டுகள் வந்தன. இரண்டும் ஒன்பதால் வகுபடும் எண்கள். ஒன்பது நே வின்னுக்கு இராசியான எண் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது.

இந்த இடத்தில் பெரியவர் குறுக்கிட்டார். “ஏன் சாமி, நம்ம ஊர்லயும்தான் ஒரு ராத்திரியில நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்க. மிளகு வித்த காசை எடுத்துக்கிட்டு நாங்க அலையலையா?”

சரியான கேள்வி. 2016 நவம்பர் 8 இரவு நடந்ததை மலைமக்கள் மறந்திருக்க முடியாது. வாக்குப் பெற்று வந்த அரசு தவறே செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இங்கே நோட்டை வங்கியில் மாற்றவோ கட்டவோ கால அவகாசம் இருந்தது. பத்திரிகைகள் திட்டி எழுதின. வழக்குப் போட்டார்கள், 2023 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது ஐந்து நீதிபதிகளில் ஒருவர், செய்த முறை சட்டப்படி சரியில்லை என்று தனியாக எழுதினார். பயன் என்ன என்று கேட்கலாம். கேட்பதற்கு இடம் இருந்தது என்பதே பயன். பர்மாவில் கேட்டவர்கள் சிறைக்குப் போனார்கள்.

எமர்ஜென்சியைப் பற்றியும் அவருக்கு ஒன்று சொன்னேன். அது இராணுவ ஆட்சி அன்று. தேர்தலில் வென்ற பிரதமரே 1975 ஜூன் 25 அன்று கொண்டுவந்த நெருக்கடி நிலை. தராசு ஒழுங்கானது உண்மையாக இருக்கலாம். அந்த 21 மாதங்களில் விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் எழுத முடியாததால், நமக்குத் தராசு மட்டும் நினைவில் இருக்கிறது. 1976 ஜனவரி 31 அன்று நம் மாநில அரசே கலைக்கப்பட்டது. ஆனால் 1977 மார்ச்சில் தேர்தல் நடந்தது. மக்கள் அந்த அரசை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு தோட்டாவும் தேவைப்படவில்லை.

பாதி திரும்பிய மக்களாட்சி

1988 ஆகஸ்ட் 8 அன்று பர்மா முழுவதும் மக்கள் தெருவுக்கு வந்தனர். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. செப்டம்பர் 18 அன்று புதிய தளபதிகள் ஆட்சியை எடுத்துக்கொண்டு, தேர்தல் நடத்துவோம் என்றனர். 1990 மே 27 அன்று நடத்தவும் செய்தனர். ஆங் சானின் மகள் ஆங் சான் சூச்சியின் கட்சி 392 இடங்களை வென்றது. முடிவைப் பார்த்ததும் ஆட்சியைத் தர மறுத்துவிட்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பகுதியை அந்த அம்மையார் வீட்டுக்காவலில் கழித்தார்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி ஆற்றுப் படுகையைத் தாக்கியது. இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 1,38,000 பேர். வெளிநாட்டு உதவியைப் பல நாள்கள் உள்ளே விடாமல் வைத்திருந்த தளபதிகள், புயல் அடித்து ஒரு வாரம்கூட முழுதாகக் கடந்த நிலையில், மே 10 அன்று, நாட்டின் பிற பகுதிகளில் புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். பிணங்கள் நீரில் மிதக்கும்போது வாக்கெடுப்பு! எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

அந்தச் சட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்; பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் நான்கில் ஒரு பங்கு இடங்கள் தேர்தலின்றி இராணுவ அதிகாரிகளுக்கு. சட்டத்தைத் திருத்த 75 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு வேண்டும். அதாவது இராணுவம் தலையசைக்காமல் ஒரு முக்கிய விதியையும் மாற்ற முடியாது. உள்துறை, பாதுகாப்பு, எல்லைத்துறை ஆகிய மூன்று அமைச்சர்களையும் தலைமைத் தளபதியே தருவார். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போனது போன்ற ஏற்பாடு.

இருந்தும் 2015 நவம்பர் 8 அன்று மக்கள் பெருவாரியாக வாக்களித்துச் சூச்சியின் கட்சியை ஆட்சியில் அமர்த்தினார்கள். பத்திரிகைகள் வெளிவந்தன. கைப்பேசி எல்லார் கைக்கும் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் யாங்கோன் பேராயர் சார்லஸ் போ அந்நாட்டின் முதல் கர்தினால் ஆகியிருந்தார். 2017 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அங்கே சென்றார். நாடு விடிந்துவிட்டது என்று உலகம் நினைத்தது.

ஆனால் அதே 2017இல்தான் ரோஹிங்கியா முஸ்லிம்கள் 7 இலட்சம் பேருக்கு மேல் இராணுவத்தால் விரட்டப்பட்டு வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். சூச்சி அம்மையார் கண்டிக்கவில்லை. 2019 டிசம்பரில் நெதர்லாந்தில் உள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்கே போய்த் தம் நாட்டின் சார்பில் வாதாடினார். வாக்குப் பெற்றவர்கள் வாய் மூடி நின்ற இடம் இது. சிறுபான்மையோரான நாம் இதைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும்.

2020 நவம்பர் தேர்தலில் அவரது கட்சி இன்னும் பெரிதாக வென்றது: தேர்தலுக்கு வந்த 476 இடங்களில் 396. இராணுவ ஆதரவுக் கட்சிக்கு 33. வாக்காளர் பட்டியலில் மோசடி என்று இராணுவம் சொன்னது. தேர்தல் ஆணையம் மறுத்தது. தலைமைத் தளபதி மின் ஆங் லைங் 2021 ஜூலையில் ஓய்வுபெற வேண்டியவர். பிப்ரவரி 1 அதிகாலை, புதிய நாடாளுமன்றம் கூட வேண்டிய அதே நாளில், ஆட்சியைப் பிடித்துக்கொண்டார். ஓராண்டில் தேர்தல் என்றார். நெருக்கடி நிலை நீண்டு நீண்டு 2025 ஜூலை வரை நான்கரை ஆண்டு ஓடியது. “அஞ்சு வருசம் குடுத்துப் பாக்கணும்” என்றவர் இதைக் கேட்டதும் சற்று அமைதியானார்.

மலைமீதிருந்த ஆலயங்கள்

மியான்மாரில் கத்தோலிக்கர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஒருவர்தான். பெரும்பாலோர் கச்சின், காயா, சின் போன்ற மலைப்பகுதிகளில் வாழ்பவர்கள். நம் கொல்லிமலை மக்களைப் போலவே மலைச்சரிவில் பயிரிட்டு, ஊர்ப்பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்துப் பழகியவர்கள். இராணுவத்தின் சினம் அவர்கள் மீதுதான் அதிகம் விழுந்தது.

2021 மே 24 அன்று காயா மாநிலத்தின் கயந்தாயார் ஊரில், மக்கள் தஞ்சம் புகுந்திருந்த திருஇருதய ஆலயத்தின் மீது குண்டு விழுந்து நால்வர் இறந்தனர். அதே ஆண்டு டிசம்பர் 24, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நாள், அதே மாநிலத்தின் மோ சோ ஊர் அருகே குறைந்தது 35 பேர் கொல்லப்பட்டு வண்டிகளோடு எரிக்கப்பட்டுக் கிடந்தனர். 2023 நவம்பரில் லாய்க்கா மறைமாவட்டப் பேராலய வளாகத்தை இராணுவம் பிடித்துக்கொண்டது. ஆயர் செல்சோ பா ஷ்வே வெளியேறி, இடம்பெயர்ந்த தம் மக்களோடு தங்கினார்.

மிட்சினா நகரில் 2021 மார்ச் 8 அன்று நடந்ததை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அருட்சகோதரி ஆன் ரோஸ் நூ தவங் தெருவில் முழந்தாளிட்டு, பிள்ளைகளைச் சுட வேண்டாம், என்னைச் சுடுங்கள் என்று காவலர்களைக் கெஞ்சினார். இரண்டு காவலர்கள் அவர் முன் கைகூப்பி முழந்தாளிட்டனர். படம் அத்தோடு நிற்கிறது. அதன் பிறகும் துப்பாக்கிச் சூடு நடந்தது, இரண்டு பேர் இறந்தனர் என்பதைப் பலர் அறியார்.

திருச்சபைத் தலைவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்வியும் வரும். கவிழ்ப்பு நடந்த மூன்றாம் நாளே கர்தினால் போ வெளியிட்ட மடலில், வாக்குப்பட்டியலில் குறை என்றால் நடுநிலையாளர் முன்னிலையில் பேசித் தீர்த்திருக்கலாமே என்று தளபதிகளைக் கேட்டார். ஆனால் அதே கர்தினால் 2021 டிசம்பர் 23 அன்று தளபதியோடு சேர்ந்து கிறிஸ்மஸ் கேக் வெட்டிய படமும் வந்தது. மறுநாள்தான் மோ சோ. அந்நாட்டுக் கத்தோலிக்கர் பலரே மனம் நொந்து கண்டித்தனர். பேச்சுவார்த்தைக்கு ஒரு கதவாவது திறந்திருக்க வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். அந்த எண்ணத்தை நான் குறைசொல்ல மாட்டேன். அந்தப் படம் வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

நம் போதனை இதில் தெளிவாகவே இருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991இல் எழுதிய ‘நூறாவது ஆண்டு’ சுற்றுமடலின் 46ஆம் எண், மக்களாட்சியைத் திருச்சபை மதிப்பதன் காரணத்தைச் சொல்கிறது. ஆள்பவரைத் தெரிந்துகொள்ளவும், அவரிடம் கணக்குக் கேட்கவும், தேவையானால் அமைதியான வழியில் மாற்றவும் மக்களுக்கு அதில் வழி இருக்கிறது என்பதே அக்காரணம். அத்தோடு, உண்மையும் மனித மாண்பும் இல்லாத மக்களாட்சி எளிதில் சர்வாதிகாரமாகிவிடும் என்றும் எச்சரிக்கிறது. சாமுவேல் முதல் நூல் 8ஆம் அதிகாரத்தையும் வீட்டில் எடுத்துப் படியுங்கள். சாமுவேலின் புதல்வர்கள் கையூட்டு வாங்கியதால் சலித்துப்போன மக்கள், போரில் முன்னே செல்ல ஓர் அரசன் வேண்டும் என்று கேட்கிறார்கள். சலிப்புக்குக் காரணம் உண்மையானது. ஆனால் அந்த அரசன் உங்கள் பிள்ளைகளைத் தேருக்கும் படைக்கும் எடுத்துக்கொள்வான், விளைச்சலிலும் பங்கு கேட்பான் என்று சாமுவேல் சொல்கிறார். மியான்மாரில் 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது, இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக எல்லை தாண்டி ஓடினார்கள்.

தேர்தல் என்ற பெயரில் ஒன்று 2025 டிசம்பர் 28 அன்று தொடங்கி 2026 ஜனவரி வரை கட்டங்கட்டமாக நடந்தது. முன்பு வென்ற கட்சி 2023இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. போர் நடக்கும் பல பகுதிகளில் வாக்குப்பதிவே இல்லை. தேர்தலைக் குறைகூறினால் சிறை என்று ஒரு சட்டமும் போட்டிருந்தார்கள். இராணுவ ஆதரவுக் கட்சி வென்றது. மக்களாட்சிக்குத் திரும்புவது இதுவன்று. இந்தோனேசியாவில் சுகார்த்தோ 1998இல் விலகிய பிறகு, நாடாளுமன்றத்தில் இராணுவத்துக்கு ஒதுக்கியிருந்த இடங்களைக் குறைத்து, 2004இல் அறவே நீக்கினார்கள். ஆறு ஆண்டு பிடித்தது, ஆனால் நீக்கினார்கள்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உழவர் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார்: “அந்த மலைக்காரங்க இப்ப என்னதான் வெதைக்கிறாங்க சாமி?”

30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து இடம்பெயர்ந்திருக்கிறார்கள். பலருடைய நிலங்களில் கண்ணிவெடி புதைக்கப்பட்டிருக்கிறது. 2023இல் உலகிலேயே கண்ணிவெடியால் மிகுதியானோர் இறந்ததும் ஊனமுற்றதும் அந்த நாட்டில்தான், ஆயிரத்துக்கும் மேல். திரும்பிப் போய் விதைக்கலாம் என்று துணிந்து கால் வைத்தவர்களும் அதில் உண்டு. இதைச் சொன்னபோது அவர் முற்றத்து மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு முழுதும் உடன்பாடு ஏற்பட்டதா என்று எனக்குத் தெரியாது. “அப்ப என் பேரன் சர்டிபிகேட்டுக்கு என்ன வழி?” என்றார். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடப்பதைச் சொன்னேன். ஏழு முறை போன தேதிகளையும் அவர் ஒரு பழைய நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார். திண்ணையிலேயே உட்கார்ந்து அவற்றை வரிசையாக எழுதி ஒரு மனு தயாரித்தோம். எட்டாவது முறை இறங்கும்போது தம் பேரனையும் கூட்டிப் போவதாகச் சொன்னார்.